சலவைக்குக் கொடுக்கும் காசு

வீட்டு வாசலுக்கே வந்து அழுக்குத் துணிகளைப் பையில் கட்டி எடுத்துச் சென்று, வெளுத்து, மடித்து, இரண்டொரு நாளில் மீண்டும் வாசலிலேயே கொண்டுவந்து கொடுக்கும் சலவை நிலையங்கள் இன்று நம் நகரங்களில் பெருகிவிட்டன. கைப்பேசியில் சொல்லிவிட்டால் போதும். ஆள் வந்து நிற்கிறார். சென்னை, கோவை, திருச்சி போன்ற ஊர்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவும் இந்த வசதியைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கின்றன. இதையொட்டி மார்க்கம் தெரிந்தவர்களிடம் இரண்டு கேள்விகள் வருகின்றன. வீட்டிலே கை இருக்க, நீர் இருக்க, வெளியில் காசு கொடுத்துத் துணி வெளுப்பது வீண் விரயம் ஆகாதா என்பது ஒன்று. யார் யார் துணியோடோ கலந்து வெளுத்து வரும் ஆடையை உடுத்தித் தொழுதால் தொழுகை கூடுமா என்பது மற்றொன்று. இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதை யாரும் கேட்பதில்லை. இப்போது அந்தத் துணிகளை வீட்டில் வெளுத்துக்கொண்டிருப்பவர் யார்? அவருக்கு அதனால் ஆகும் செலவு என்ன?

முதலில் காசுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். கணக்குப் பார்க்காமல் விரயம் என்பதும், கணக்குப் பார்க்காமல் வசதி என்பதும் இரண்டும் ஒன்றே.

இந்நிலையங்களில் பெரும்பாலானவை எடைக்கு விலை பேசுகின்றன. ஊருக்கு ஊர், நிலையத்துக்கு நிலையம் விலை மாறும். கிலோவுக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 600 கிராம் துணி என்று கொண்டால், ஒரு நாளைக்கு 3 கிலோ, ஒரு மாதத்துக்கு 90 கிலோ. அதற்குக் கூலி 7,200 ரூபாய். சிற்றூர்களில் அந்தப் பணத்துக்கு ஒரு வீட்டையே வாடகைக்குப் பிடித்துவிடலாம். எனவே வீட்டுத் துணி முழுவதையும் வெளியில் கொடுப்பது நடுத்தரக் குடும்பத்துக்கு ஆகாத காரியம். ஆனால் அதே குடும்பம் அன்றாட உடைகளை வீட்டிலேயே வெளுத்துக்கொண்டு, படுக்கை விரிப்பு, போர்வை, குளியல் துண்டு, தடித்த கால்சட்டை ஆகிய சுமையான துணிகளை மட்டும் மாதம் 15 கிலோ அளவுக்குக் கொடுத்தால் 1,200 ரூபாய் ஆகும். இது எல்லார்க்கும் எளிது என்று சொல்லமாட்டேன், பலருக்கு இயலும்.

வீட்டில் வெளுப்பது இலவசம் அன்று. 20,000 ரூபாய் கொடுத்து ஒரு சலவை இயந்திரம் வாங்கி, அது பத்து ஆண்டு உழைத்தாலும், மாதத்துக்கு ஏறக்குறைய 170 ரூபாய் அதன் தேய்மானம். சோப்புத்தூள், மின்சாரம், பழுது பார்க்கும் கூலி என்று இன்னும் சில நூறுகள் சேரும். தண்ணீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மேலிருந்து துணி போடும் இயந்திரங்கள் ஒரு தடவைக்கு நூறு லிட்டரையும் தாண்டிக் குடிக்கக்கூடியவை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்காகக் குடங்களோடு காத்துக்கிடந்த நாட்களை அந்நகர மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்போது துணி துவைப்பதை நாள் கணக்கில் தள்ளிப்போட்ட வீடுகள் எத்தனையோ!

இவற்றையெல்லாம் கூட்டினாலும் காசுக் கணக்கில் வீட்டுச் சலவைதான் மலிவு. இதில் ஐயமில்லை. சலவை நிலையம் மலிவு என்று வாதிடுவோர் கணக்கை வளைக்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கு ஏட்டில் ஒரு வரி எழுதப்படாமலே விடப்பட்டிருக்கிறது. அது அந்த வீட்டுப் பெண்ணின் உழைப்பு.

இயந்திரம் வந்துவிட்டதே, பெண்களுக்கு இனி என்ன வேலை என்பார் உண்டு. இயந்திரம் வெளுக்கும், பிரிக்காது, உதறாது, மாடிக்குத் தூக்கிச் செல்லாது, மழை வந்தால் ஓடிப்போய் எடுத்துவராது, மடிக்காது, அடுக்காது, இஸ்திரி போடாது. ஈரமான இரட்டைப் படுக்கை விரிப்பு ஒன்றைத் தனி ஆளாகப் பிழிந்து கொடியில் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதுகு என்ன சொல்லும் என்பது. அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் கொடி கட்ட இடமில்லை. வீட்டுக்குள்ளேயே மின்விசிறிக்கு அடியில் உலர்த்துகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூன்று நாளானாலும் துணி காயாது. காய்ந்தாலும் முடைநாற்றம் போகாது. இவ்வளவும் சமையலுக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும், மாமியார் மாமனாரைப் பார்த்துக்கொள்வதற்கும் இடையில் நடக்கிறது. இன்று பல வீடுகளில் அவள் வெளியே சென்று சம்பாதித்தும் வருகிறாள்.

இதற்கு நம் மார்க்க நூல்கள் என்ன சொல்கின்றன என்பதை ஆண்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டும். கடற்கரையூர்களில் வாழும் நம் மக்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், சமைப்பதும் துவைப்பதும் மனைவியின் மீது கடமை அன்று. ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ மத்ரஸாக்களில் இன்றும் ஓதப்படும் நூல். அதில் ஜீவனாம்சத்தைப் பற்றிய பாடத்தில், உணவு உடையோடு நில்லாமல், சீப்பு, எண்ணெய், தலை கழுவும் பொருள் ஆகியவற்றையும் கணவனே கொடுக்க வேண்டும் என்று எழுதப்பட்டுள்ளது. தாய்வீட்டில் பணிப்பெண் வைத்து வாழ்ந்தவளுக்குக் கணவனும் பணிப்பெண் வைத்துத் தர வேண்டும் என்றும் அங்கேயே காணலாம். ஹனஃபி மத்ஹபினர் வீட்டு வேலை மனைவியின் மீது தார்மிகப் பொறுப்பு என்பர். ஆனால் அதற்காகக் காஜி அவளைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் அவர்களே சொல்வர். ஆகவே நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் துவைத்துப் போடுவது கடன் தீர்ப்பது அன்று. பெரும்பாலும் அது உபகாரம். உபகாரம் செய்பவரிடம் கேட்கும் தொனி வேறு. வேலைக்காரரிடம் கேட்கும் தொனி வேறு. (இதைப் படித்துவிட்டு நாளை காலை முதல் சமைக்கமாட்டேன் என்று எந்தச் சகோதரியும் சொல்லிவிடப் போவதில்லை, அந்த அச்சம் யாருக்கும் வேண்டாம்.)

அன்னை பாத்திமா (ரலி) அவர்களின் வரலாற்றை இங்கே எடுத்துக்காட்டுவோர் உண்டு. திரிகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போன அவர்கள், தம் தந்தையிடம் ஒரு பணியாள் கேட்டுச் சென்றார்கள். நபி (ஸல்) அவர்கள் பணியாள் தரவில்லை. இரவில் மகளின் வீட்டுக்கு வந்து, உறங்கச் செல்லும்போது ஓதுமாறு தஸ்பீஹையும் தஹ்மீதையும் தக்பீரையும் கற்றுக்கொடுத்தார்கள். பார்த்தீர்களா, பெருமானாரின் மகளுக்கே இல்லாத வசதி உனக்கு எதற்கு என்று இதைக் கொண்டு பெண்களை வாயடைக்கிறார்கள். முழுச் செய்தியையும் படித்தால் பொருள் வேறாக இருக்கிறது. மஸ்ஜிதின் திண்ணையில் பசியோடு கிடந்த ஏழைத் தோழர்களை விட்டுவிட்டு உங்களுக்குத் தர இயலாது என்பதே நபியவர்கள் சொன்ன காரணமாக ஓர் அறிவிப்பில் வந்துள்ளது. மகளின் வேலை இலேசானது என்று அவர்கள் சொல்லவில்லை. காய்த்த கையைப் பார்த்துச் சிரிக்கவுமில்லை. பசித்தவன் முந்திக்கொண்டான், அவ்வளவே. அஸ்மா (ரலி) அவர்கள் தம் கணவரின் குதிரைக்காகப் பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து நெடுந்தொலைவு நடந்தார்கள். பின்னர் தந்தை அபூபக்ர் (ரலி) அவர்கள் ஒரு பணியாளை அனுப்பி, குதிரையைப் பேணும் வேலையிலிருந்து மகளை விடுவித்தபோது, தாம் அடிமைத்தளையிலிருந்தே விடுபட்டதுபோல் உணர்ந்ததாக அஸ்மா (ரலி) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களை விரயக்காரர் என்று யாரேனும் சொல்வார்களா?

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள், தம் வேலையைத் தாமே பார்ப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடை கூறினார்கள். சலவைக்குக் காசு கொடுப்பது விரயம் என்று நினைக்கும் கணவருக்கு ஒரு வழி திறந்தே இருக்கிறது. வாளியை அவர் எடுக்கலாம்.

வளைகுடா நாடுகளில் அறையெடுத்துத் தங்கிப் பிழைக்கும் நம் சகோதரர்களில் பலர், அறைக்குக் கீழே உள்ள சலவைக் கடையில்தான் சட்டையையும் கால்சட்டையையும் போடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பின் துவைக்க யாரால் முடியும்? அது நியாயமே. ஆனால் அதே சகோதரர் விடுமுறையில் ஊர் வந்ததும், மனைவி மூன்று போர்வைகளை வெளியில் கொடுத்தாள் என்பதற்காக முகம் சுளித்தால், அந்த நியாயம் கடல் கடக்கும்போது எங்கே விழுந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி, விரயம் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை கூட்டத்துக்கு உடுத்திய, அழுக்கேறாத துணியை உடனே சலவைக்குப் போடுவது விரயம். நீரில் வெளுத்தாலே போதுமான பருத்தித் துணியைக் கௌரவத்துக்காக உலர்சலவைக்குக் கொடுப்பது விரயம். எங்கள் வீட்டுத் துணி இன்ன நிலையத்துக்குப் போகிறது என்று அக்கம் பக்கத்தில் சொல்லிக்கொள்வதற்காகக் கொடுப்பது விரயத்தினும் கீழானது. கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கும்போதும், ஜகாத் பாக்கி இருக்கும்போதும், உடன்பிறந்த சகோதரியின் வீட்டில் அடுப்பு எரியாதபோதும் இந்தச் செலவு பின்னுக்குப் போக வேண்டும். பாத்திமா (ரலி) அவர்களின் வரலாறு நமக்குச் சொல்வது அந்த வரிசையைத்தான். மற்றபடி, உடம்பு முடியாத தாய்க்கும், பிள்ளை பெற்ற மகளுக்கும், இரண்டு வேலை பார்க்கும் மனைவிக்கும் ஓய்வு வாங்கித் தரும் 1,200 ரூபாய் விரயம் அன்று என்பதே என் கருத்து. தூய ஆடை நம் மார்க்கத்தில் அலங்காரத்தைச் சேர்ந்தது மட்டுமன்று. அல்முத்தஸ்ஸிர் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே அதற்குக் கட்டளை இருக்கிறது. அழுக்குத் துணியோடு வந்த ஒருவரைக் கண்டு, இவருக்குத் துணி வெளுக்க ஒன்றும் கிடைக்கவில்லையா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வினவியதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வேலை நாளுக்குரிய உடை வேறு, ஜும்ஆவுக்குரிய உடை வேறு என வைத்துக்கொள்வதையும் அவர்கள் விரும்பினார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதில்தான் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மனக்குழப்பம் மிகுதி. “எத்தனையோ பேருடைய துணியோடு சேர்த்துப் போடுகிறானே! நாய் வளர்ப்பவர் வீட்டு விரிப்பும் அதில் இருக்குமே!” என்று தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் நாய் பட்ட ஈரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். அச்சம் இயல்பானதுதான்.

ஆனால் ஃபிக்ஹின் அடிப்படை விதி ஒன்று உண்டு. உறுதியாகத் தெரிந்த நிலை சந்தேகத்தால் மாறாது. உங்கள் துணி நஜீஸ் படாமல் சென்றது. அங்கே நஜீஸ் பட்டதை நீங்களும் பார்க்கவில்லை, நம்பத்தக்கவர் யாரும் பார்த்துச் சொல்லவுமில்லை. அப்படியானால் அது தூய்மையாகவே திரும்பி வந்தது என்று கொள்ள வேண்டும். தபூக் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் சிரியா நாட்டில் நெய்யப்பட்ட, கை குறுகிய ஜுப்பா ஒன்றை அணிந்திருந்தார்கள். சிரியா அப்போது ரோமானியரின் ஆட்சியில் இருந்தது. அதை நெய்தவர் யார், எந்தத் தொட்டியில் நனைத்தார் என்று அவர்கள் விசாரிக்கவில்லை. கை குறுகலாக இருந்ததால் ஒளூவின்போது கையை உள்ளிருந்து வெளியே எடுத்தார்கள் என்பதுதான் செய்தி. சலவைக்காரர் எந்த மதத்தவர் என்பதும் இதில் ஒரு பொருட்டன்று. துணியைக் கழுவித் தூய்மையாக்க நிய்யத் வேண்டியதில்லை. நீர் தன் வேலையைச் செய்துவிட்டால் போதும்.

நஜீஸ் பட்டுவிட்ட துணிகளின் நிலை வேறு. குழந்தை சிறுநீர் கழித்த விரிப்பு, இரத்தம் பட்ட ஆடை போன்றவற்றை அப்படியே பையில் போட்டுக் கட்டிவிடக் கூடாது. ஷாபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத்து, அதாவது இக்கால அளவில் ஏறக்குறைய இருநூறு லிட்டருக்குக் குறைந்த நீரில் நஜீஸான துணியைப் போட்டால் நீரே நஜீஸாகிவிடும். அதே துணியின் மீது நீரை ஊற்றினால் துணி தூய்மையாகும். நீர் துணியின் மேல் வருவதும், துணி நீருக்குள் போவதும் ஒன்றல்ல. இயந்திரத்தில் துணியைப் போட்ட பிறகுதான் நீர் வந்து விழுகிறது என்பதால் அதை முதல் வகையில் சேர்ப்போர் உண்டு. அது சரியான பேச்சே. என்றாலும் நஜீஸின் பொருள் துணியில் ஒட்டியிருக்கும்போது அந்தப் பேச்சு செல்லாது. ஹனஃபி மத்ஹபில் கண்ணுக்குத் தெரியாத நஜீஸாயின் மூன்று முறை கழுவி, ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும் என்பர். இயந்திரம் சோப்பு நீரில் ஒருமுறையும் வெறும் நீரில் இரண்டொரு முறையும் அலசி, இடையிடையே சுழற்றி நீரை வடிப்பது ஏறக்குறைய இந்த வேலைதான். ஆயினும் அந்த நிலையத்தார் அலசலைக் குறைத்தார்களா, கூட்டினார்களா என்று நாம் எங்கே போய்ப் பார்ப்பது? எனவே இரு மத்ஹபினருக்கும் பொருந்தும் எளிய வழியைச் சொல்கிறேன். நஜீஸ் பட்ட இடத்தை மட்டும் வீட்டிலேயே குழாயடியில் பிடித்து, பொருள் நீங்கும்வரை தேய்த்து, மேலே நீரூற்றி மூன்று முறை அலசிப் பிழிந்து, காயவைத்துப் பின்னர் பையில் போடுங்கள். கறை போகவில்லையே என்று வருந்த வேண்டாம். தமக்கு ஒரே ஆடைதான் உண்டு என்று சொன்ன கவ்லா பின்த் யஸார் (ரலி) என்ற அம்மையாருக்கு, கழுவிய பின் எஞ்சும் இரத்தக் கறையால் தீங்கில்லை என்று நபியவர்களே தெளிவுபடுத்தியிருக்கிறார்கள்.

காயவைத்து என்று சொன்னது காசுக்கும் சேர்த்துத்தான். ஈரத்துணியின் எடை கூடுதல். கிலோவுக்குக் கூலி வாங்குபவர் ஈரத்துக்கும் வாங்குவார்.

உலர்சலவை என்ற பெயரில் நடப்பது முற்றிலும் வேறு. பெயரில் உலர் என்று இருந்தாலும் அதிலும் துணி நனைகிறது. ஆனால் நீரில் அன்று, பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படும் கரைப்பானிலோ வேறு வேதிப்பொருளிலோ நனைகிறது. எண்ணெய்ப் பிசுக்கு அதில் நன்றாகப் போகும். நஜீஸ் போகுமா? இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் அபூயூசுஃப் (ரஹ்) ஆகிய இருவரும் நஜீஸை நீக்கவல்ல தூய திரவம் எதுவாயினும், காடியோ பன்னீரோ ஆயினும், அதனால் துணி தூய்மையாகும் என்றனர். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களும், ஹனஃபிகளிலேயே இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களும் நீர் ஒன்றே தூய்மையாக்கும் என்றனர். ஆகவே பட்டுச் சேலையிலோ ஷெர்வானியிலோ நஜீஸ் பட்டிருந்தால், அந்த இடத்தை முதலில் நீரால் கழுவிய பிறகே உலர்சலவைக்குக் கொடுப்பது பேணுதல். வெறும் வியர்வையும் பிரியாணி நெய்யும் பட்ட துணிக்கு இந்தக் கவலையே இல்லை.

அடுத்தது, கூலி. சலவைத் தொழிலை இழிவாகப் பேசும் வழக்கம் நம்மிடையேயும் எப்படியோ புகுந்துவிட்டது. ஈஸா (அலை) அவர்களின் தோழர்களைக் குர்ஆன் ஹவாரிய்யூன் என்று அழைக்கிறது. அவர்கள் துணி வெளுக்கும் தொழிலினர், வெண்மையாக்குவதால் அந்தப் பெயர் வந்தது என்று விரிவுரையாளர்களில் ஒரு சாரார் கூறுவர். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களை அவர்களுடைய தாய் சிறுவயதில் ஒரு வெளுப்பவரிடம் தொழில் கற்க விட்டார் என்றும் அறிவிப்பு உண்டு. சென்னையின் வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வாணிகத்துக்காக வெளுத்துக் கொடுத்த தொழிலாளர்களால் பெயர் பெற்ற இடம்.

“அந்தக் காலத்தில் சலவைக்கு இவ்வளவு செலவா ஆயிற்று?” என்று பெரியவர்கள் ஏங்குகிறார்கள். அன்று நம் ஊர்களில் சலவைத் தொழிலாளி வீடு வீடாக வந்து மூட்டை கட்டிச் சென்றார். சேங்கொட்டைப் பாலால் துணி மூலையில் குறியிட்டார். உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்தார். துறையில் அடித்து வெளுத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டுக் கொண்டுவந்தார். எழுதி வைக்காமலே எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று அவருக்குத் தெரியும். எடுத்துச் சென்று கொண்டுவந்து தரும் சேவை ஏதோ புதிதாக முளைத்தது போலப் பேசுகிறோம். அன்றும் அதுவே நடந்தது. மாறியது கூலிதான். அறுவடையில் இத்தனை மரக்கால் நெல், மாலையில் வீட்டுக்கு ஒரு பிடி சோறு, பெருநாளைக்கு ஒரு துணி. இதுதான் பல ஊர்களில் அவர் பெற்றது. பேசி முடித்த கூலி என்று ஒன்று இருந்ததில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இஜாரா எனப்படும் கூலி உடன்படிக்கையில் வேலையும் தெரிந்திருக்க வேண்டும், கூலியும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் நிபந்தனை இடுகின்றன. அந்த அளவுகோலால் அளந்தால், கிலோவுக்கு இவ்வளவு என்று சீட்டெழுதித் தரும் இன்றைய முறைதான் நம் மார்க்கத்துக்கு நெருக்கமானது. பழைய முறை மலிவாக இருந்ததற்குக் காரணம், அதன் விலையில் ஒரு பகுதியை அந்தத் தொழிலாளியின் பிள்ளைகள் பசியாகக் கொடுத்துக்கொண்டிருந்ததுதான்.

துணி கெட்டுப்போனால் யார் பொறுப்பு? இதைப் பற்றி நம் முன்னோர் எழுதிவைத்ததைக் காணும்போது வியப்பாக இருக்கும். பலருக்கும் பொதுவாக வேலை செய்பவரை ‘அஜீர் முஷ்தரக்’ என்பர். அதற்கு நூல்களில் வரும் முதல் உதாரணமே துணி வெளுப்பவர்தான். அவருடைய தவறின்றிப் பொருள் தொலைந்தால் அவர் பொறுப்பல்ல, அது அமானிதம் என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). தவிர்க்க முடியாத பெருந்தீ போன்றவை தவிர மற்றவற்றுக்கு அவரே பொறுப்பு என்றார்கள் அவர்களுடைய மாணவர் இருவரும். ஆனால் அவர் அடித்து வெளுக்கும்போது துணி கிழிந்தால், அது அவர் செயலால் வந்த சேதம். ஈடு கொடுக்க வேண்டும் என்று ‘ஹிதாயா’வில் தெளிவாக இருக்கிறது. சூடான உலர்த்தியில் போட்டுச் சட்டையைச் சுருங்கச் செய்துவிட்டு, சீட்டின் பின்புறத்தில் பொடி எழுத்தில் நாங்கள் பொறுப்பல்ல என்று அச்சடித்து வைக்கும் நிலையத்தார் இதைப் படிப்பது நல்லது. கொடுக்கும் முன் அந்தப் பொடி எழுத்தை நீங்களும் படியுங்கள்.

இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் இளமையில் ஆசிரியரை விட்டுத் தனியே பாடவகுப்பு நடத்தத் தொடங்கியபோது, ஆசிரியர் ஓர் ஆளை அனுப்பி அவரிடம் ஒரு கேள்வி கேட்கச் செய்ததாக ஒரு வரலாறு உண்டு. ஒருவர் வெளுப்பவரிடம் துணி கொடுத்தார். வெளுப்பவரோ, நீர் எனக்குத் துணியே தரவில்லை என்று மறுத்துவிட்டார். பிறகு மனம் மாறி, வெளுத்த துணியைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்குக் கூலி உண்டா? உண்டு என்றார் அபூயூசுஃப்; தவறு என்றார் வந்தவர். இல்லை என்றார், அதுவும் தவறு என்றார். ஆசிரியரிடமே ஓடினார் மாணவர். மறுப்பதற்கு முன் வெளுத்திருந்தால் உரியவருக்காக வெளுத்தார், கூலி உண்டு. மறுத்த பிறகு வெளுத்திருந்தால் தமக்காகவே வெளுத்துக்கொண்டார், கூலி இல்லை என்று விடை வந்தது. ஒரு துணி மூட்டைக்குள் எவ்வளவு சட்டம் அடங்கியிருக்கிறது பாருங்கள்!

கொடுப்பவர் செய்ய வேண்டியவையும் உண்டு. துணிகளை எண்ணி, வகைவாரியாக எழுதி, எடுக்க வருபவரின் முன்னிலையில் படித்துக் காட்டுங்கள். எடையை வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். கையில் தூக்கிப் பிடிக்கும் சிறு தராசு போதும். பைகளைத் தடவிப் பாருங்கள். தஸ்பீஹும், ஸூரா அச்சிட்ட சிறு ஏடுகளும், சில்லறையும் சோப்பு நீருக்குள் போய்விடக் கூடாது. உள்ளாடைகளைப் பெண்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வது நாணத்துக்கு ஏற்றது. மொத்தத் துணியையும் பிறர் துணியோடு கலக்காமல் தனியே போட்டுத் தரும் நிலையங்கள் உண்டு; சற்றுக் கூடுதல் கேட்பார்கள். மனம் அமைதியடையாத பெரியவர்கள் உள்ள வீட்டில் அந்தக் கூடுதல் காசு வீண்போகாது. முன்பணம் கட்டினால் மாதம் இத்தனை கிலோ, கொடுக்காத கிலோ காலாவதி என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். கொடுக்காத துணிக்கு விலை கொடுக்கும் அந்த ஏற்பாட்டை நான் விரும்பவில்லை. கொடுத்த எடைக்குக் கூலி என்பதே இரு தரப்புக்கும் நேர்மை.

மூட்டை தூக்கிவரும் இளைஞரை நாம் காண்பதேயில்லை. கதவின் சந்துவழியே கை நீளுகிறது, பை மாறுகிறது, கதவு மூடுகிறது. மின்தூக்கி பழுதான நாளில் நான்கு மாடி ஏறி வந்திருப்பார். ஒரு குவளை நீர் வேண்டுமா என்று கேளுங்கள். வேலை செய்வித்துக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் இறைவனே வழக்காடுவான் என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. சில்லறை இல்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்று பாக்கி வைப்பதும், சிறு மடிப்பைக் காட்டி விலையைக் குறைப்பதும் அந்த எச்சரிக்கையின் எல்லைக்கு அருகில் நடப்பதாகும். தராசில் குறைப்போரைக் கண்டிக்கும் குர்ஆன் அத்தியாயம், தமக்கு வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்போரைப் பற்றிப் பேசுகிறது. அது கடைக்காரருக்கு மட்டும் இறங்கியது என்று நினைக்க வேண்டாம்.

கடைசியாக, ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருந்ததற்கு விடை. திரும்பி வந்த பையில் தம்முடையதல்லாத ஒரு வெள்ளைச் சட்டை இருந்ததாம். நிலையத்தார் யாருடையதென்று தெரியவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். கணவருக்கு அளவாகவும் இருக்கிறதாம். நிலையத்தார் அதற்கு உரிமையாளர் அல்லர். தமக்குச் சொந்தமில்லாததை அவர்கள் உங்களுக்குக் கொடுக்க முடியாது. அது உங்கள் கையில் வந்துசேர்ந்த அமானிதம். தெரிந்தே பிறர் உடைமையை உடுத்தித் தொழுதால், ஷாபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் தொழுகை நிறைவேறும், பாவமும் சேரும். ஹன்பலி மத்ஹபின் பிரபலமான கூற்றுப்படி தொழுகையே கூடாது. சட்டையைக் கசங்காமல் மடித்துத் தனியே வையுங்கள். அடுத்த முறை பை எடுக்க வருபவரிடம் கொடுத்து, அந்த வாரம் துணி போட்ட வீடுகளில் ஒவ்வொன்றாக விசாரிக்கச் சொல்லுங்கள். கொடுத்ததற்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.